டத்துக் தேநீர் ஊற்றிய ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, புக்கிட்டிங்கியில் மேல் சந்தைக்கு ஏறுகிற படிக்கட்டுத் தெருவில், மருந்துக்கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள்: குலத் தலைவர் டத்துக் பண்டாரோ, அவருடைய தங்கை மகள் வீத்தா, வீத்தாவின் கணவன் மாலின், மாலினின் அக்கா ரோஸ்மானியார், பாசோ ஊர்த் தையல்காரர் அஃப்ரினால், அவர் மனைவி நெங்சி, குழந்தை இல்லாத தம்பதிகளுக்கான ஆலோசகர் மிராந்தி. ஏழு பேர். எட்டாவது ஆள் இல்லை. குடும்ப விஷயத்தில் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

டத்துக் பண்டாரோ ஒரு வழக்கைப் பேசி முடிப்பதற்காக அங்கே வந்திருந்தார். அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

நினைத்ததற்குக் காரணம் இருந்தது. போன வாரம் சோற்றுத் தட்டைப் பார்த்தபடியே வீத்தா அந்தச் சேதியைச் சொன்னாள். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. பாடாங்கில் இரண்டு முறை சோதனைக்குழாய் சிகிச்சை செய்தும் தங்கவில்லை. இங்கே துணிக்கடை வைத்திருக்கிற மாலின் இப்போது பெகன்பாருவில் ஒரு கடை பார்த்திருக்கிறான். இருவரும் அங்கேயே போய்விடப் போகிறார்கள்.

"ஏன்?" என்று கேட்டார் டத்துக்.

"ஞாயித்துக்கிழமை நாங்க மாசாமாசம் போற கூட்டத்துக்கு வாங்க மாமா. இந்தத் தடவ வீட்டுப் பெரியவங்களயும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அங்க சொல்றேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்தப் பெரிய வீடு பெண் வழியாக இறங்கி வந்த வீடு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் அங்கே வந்து வாழ்வான். தாய்மாமனுக்கு அதில் காவல் மட்டும்தான். இந்தத் தலைமுறையில் வீட்டுக்கு இருக்கிற ஒரே பெண் வீத்தா. அவள் பெகன்பாருவுக்குப் போய்விட்டால் டத்துக் வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டியதுதான். பூட்டின வீட்டுக்குத் தலைவராக இருப்பதை விட வயலில் பொம்மையாக நிற்பது மேல் என்பது அவர் எண்ணம்.

அதோடு, மாலின் பக்கத்திலிருந்தும் ஒருவர் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பக்கத்தாரையும் மூன்றாம் மனிதர் கூப்பிட்டு உட்கார வைத்தால், டத்துக் அறிந்தவரை அதற்குப் பொருள் ஒன்றே ஒன்று: மாப்பிள்ளையை அவன் பிறந்த வீடு திரும்ப அழைத்துக்கொள்கிறது.

ஆகவே அவர் முறைப்படி வந்தார். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, மடிப்பு கலையாத தலைக்கட்டு, இடுப்பில் உறையிட்ட கிரிஸ், கையில் பட்டுத்துணி போர்த்திய வெற்றிலைத் தட்டம். படிக்கட்டுத் தெருவில் வாழைப்பழம் விற்றவள் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அறைக்குள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். டத்துக் வாசலிலேயே நின்றுவிட்டார். வட்டத்தில் தலைமை இடம் எது?

"எங்க வேணும்னாலும் உக்காருங்க டத்துக்" என்றாள் மிராந்தி. முப்பத்தைந்து வயதிருக்கும். காலில் செருப்புக்கூட இல்லை.

"எங்க வேணும்னாலும் உக்கார்றது பஸ்ஸுல."

"சரி, அப்போ நீங்க உக்கார்ற எடந்தான் தலை. அங்கிருந்து ஆரம்பிச்சுக்கலாம். அப்புறம்... அந்தக் கத்தி..."

"கத்தி இல்ல. கிரிஸ்."

"மன்னிக்கணும். கிரிஸ். மெத்தை புதுசு, அதான். குத்திடாமப் பாத்துக்கோங்க."

டத்துக் உட்காரவில்லை. நின்றபடியே சபைக்கு வணக்கம் சொல்லி, பேசப்போவதற்கு முன் ஒவ்வொருவரிடமாக மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். முறை அதுதான். முதலில் விருந்து தரும் இடத்தாரிடம், பிறகு எதிர்த்தரப்பாரிடம். மூன்று நாளாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சு. எதிர்த்தரப்பில் ரோஸ்மானியாரின் பெயர் வந்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

"டத்துக், நான் மன்னிச்சுட்டேன். மீதிப் பேருக்கும் சேத்து மன்னிச்சுட்டேன். உக்காருங்க. பாக்கற எனக்கே முட்டி வலிக்குது."

"ரோஸ்மானியார், தம்பியக் கூட்டிட்டுப் போக வந்தவங்க இவ்வளவு சிரிச்சுப் பேசி நான் பாத்ததில்ல."

"கூட்டிட்டுப் போகவா? இவனையா?" அவள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "கட்டிக் குடுத்து ஏழு வருஷமா நிம்மதியா இருக்கேன். இவன் விடற குறட்டைய நீங்களே வெச்சுக்கோங்க."

தையல்காரர் அஃப்ரினால் தொண்டையைச் செருமிச் சிரிப்பை விழுங்கினார். டத்துக் உட்கார்ந்தார். அவர் கொண்டுவந்த பேச்சு பாதியில் நின்றது. மீதியை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மிராந்தி கூட்டத்தின் சட்டத்தைச் சொன்னாள். சட்டம் ஒன்றுதான். இங்கே யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது. பேசுகிறவர் பேசலாம், மற்றவர்கள் கேட்கலாம். மீறி அறிவுரை சொன்னவர் எழுந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும்.

"அறிவுரை சொல்லாம எதுக்குப் பெரியவங்களக் கூப்பிட்டீங்க?" என்றார் டத்துக்.

"கேக்கறதுக்கு."

"என்ன கேக்கணும்? கேளுங்க, சொல்றேன்."

"இல்ல டத்துக். நீங்க கேக்கணும். காதால."

முதலில் நெங்சி பேசினாள். கல்யாணமாகி ஒன்பது வருஷமாம். அவளுடைய பெரியம்மா தினமும் காலையில் வீட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுகிறாளாம். "‘பாருடி, இது மூணாவது தடவ போட்டுடுச்சு’ன்னு சொல்றாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே குட்டிகள எண்ணறேன்."

"பூனைக்குப் பெருநாள் சட்ட தைக்கற வேலயெல்லாம் இல்லயே" என்றார் அஃப்ரினால். "அதான் அதுக்கு நேரம் கிடைக்குது."

நெங்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள். அஃப்ரினால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அமைதி டத்துக்குக்குப் பொறுக்கவில்லை.

"உங்க குலத் தலைவர் யாரு? அந்தப் பெரியம்மாவக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னால உக்கார வெச்சு..."

மிராந்தி தேநீர்க் கெண்டியை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

டத்துக் பண்டாரோ பட்டம் ஏற்ற நாளிலிருந்து தன் குவளைக்கே தேநீர் ஊற்றிக்கொண்டதில்லை. வீத்தா பதறி எழுந்தாள். "மாமா, நான் ஊத்தறேன்."

"உக்காரு. சபைச் சட்டம்னா சட்டந்தான்."

கிரிஸை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வட்டத்தைச் சுற்றி வந்து ஊற்றினார். மாப்பிள்ளையிடம் வந்தபோது மாலின் குவளையை இரண்டு கையாலும் ஏந்தி, தலையை மார்பு வரை தாழ்த்திக்கொண்டான். பாதித் தேநீர் அவன் மடியில் போயிற்று.

அடுத்துச் சிக்கியது ரோஸ்மானியார். பப்பாளி வேரைப் பற்றி ஏதோ தொடங்கினாள். கெண்டி அவள் கைக்கு வந்தது. "நல்லவேள, நான் கிரிஸ் கட்டிட்டு வரல" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். அதற்கு அடுத்த முறையும் டத்துக்தான். அதற்கும் அடுத்த முறையும் அவரேதான். பாசோ தையல்காரர் இனிமேல் தனக்கு வேண்டாம் என்று குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

பிறகு மாலின் பேசினான். மனைவியின் வீட்டில் அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. எந்த மாப்பிள்ளையும் அப்படித்தான்.

"முக்குக் கடையில நான் டீ கேட்டா, முட்ட டீ குடுக்கறாங்க. அதுலயும் ரெட்ட முட்ட. நான் கேக்கவே இல்ல. ‘குடி குடி, ஒடம்புக்குத் தெம்பு’ன்னு கண்ணடிக்கறாங்க. மொத வருஷம் நானும் சிரிச்சேன். இப்ப முட்ட வாசன வந்தாலே குமட்டுது. வேணாம்னு சொன்னா மொகம் பாத்து ஏதோ புரிஞ்ச மாதிரி தலையாட்டறாங்க. வேணும்னு சொன்னாலும் அதே தலையாட்டல்தான்."

"எவன் அந்தக் கடக்காரன்..." என்று தொடங்கிய டத்துக் கெண்டியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் அவரால் இருக்க முடியவில்லை. கேள்வி அறிவுரை ஆகாது என்பதை மிராந்தியிடம் முதலில் உறுதி செய்துகொண்டார்.

"டாக்டருங்க என்ன சொல்றாங்க? ரெண்டு பேர்ல யாருகிட்ட குறை?"

"எல்லாப் பரிசோதனையும் பண்ணியாச்சு டத்துக். ரெண்டு பேருகிட்டயும் குறைன்னு ஒண்ணும் தெரியல. சில பேருக்கு அப்படித்தான். காரணமே கிடைக்காது" என்றாள் மிராந்தி.

"அப்போ தப்பு யார் பேர்ல?"

"யார் பேர்லயும் இல்ல."

டத்துக் நாற்காலியில் சாய்ந்தார். வயல் வரப்பு, எருமை, சீர் பாக்கி, ஓடிப்போன பெண், ஓடிவந்த பையன் என்று எத்தனையோ வழக்குகளைத் தீர்த்தவர் அவர். எல்லாவற்றிலும் ஒரு பக்கம் தப்பு இருந்தது. தப்பைக் கண்டுபிடித்தால் பரிகாரம் சொல்லிவிடலாம். தப்பே இல்லாத வழக்கு ஒன்று அவர் முன் வந்ததில்லை. அதற்கு எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"அப்போ நீங்க இங்க என்னதான் பண்றீங்க?" என்றார். கேலியாக இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"குழந்தை வர வெக்கறது டாக்டர் வேல. வந்தாலும் வரலன்னாலும் இவங்க ரெண்டு பேரும் இவங்களாவே இருக்கணும். அதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறது என் வேல."

"சும்மா உக்காந்திருக்கறதா?"

"அது எவ்வளவு கஷ்டம்னு காலையிலேர்ந்து பாக்கறீங்களே" என்றாள் மிராந்தி.

பிறகு வீத்தா பக்கம் திரும்பினாள்.

"வீத்தா, நீ பேசறியா?"

வீத்தா சுற்றி வளைக்கவில்லை. பள்ளிக்கூட ஆசிரியை, பாடம் நடத்துகிற குரலிலேயே ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுல யாரும் என்னக் குத்திக் காட்ட மாட்டாங்க. எங்க மாமா விட மாட்டாரு. நான் சொந்தக்காரங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சா கொடியில காயற குழந்தைத் துணிய எடுத்து உள்ள வெச்சுடறாங்க. தொட்டில் மேல போர்வையப் போட்டுடறாங்க. பேசிட்டிருந்த பேச்ச நிறுத்திட்டு மொளகா வெலயப் பத்திப் பேசறாங்க. எல்லாரும் ரொம்ப நல்லவங்க. அந்த நல்ல மனசுக்கு நடுவுல நான் மூச்சு முட்டிக் கெடக்கறேன்."

டத்துக் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் அவர் உத்தரவு. வீத்தா முன்னால் குழந்தைப் பேச்சு கூடாது என்று குலத்தின் எல்லா வீடுகளுக்கும் சொல்லி அனுப்பியவர் அவர்தான். இதுவரை அதில் அவருக்குப் பெருமைதான்.

"வர்ற சனிக்கிழம என் தம்பி ரிசால் குழந்தைய ஆத்துக்கு எறக்கறாங்க" என்றாள் வீத்தா.

பிறந்த குழந்தையை முதல்முறை ஆற்றில் குளிப்பாட்ட எடுத்துப் போகும்போது, வீட்டிலிருந்து கரை வரை தூக்கிப் போகிறவள் தகப்பனுடைய சகோதரி. அத்தையின் உரிமை அது. குழந்தை தாயின் குலத்தைச் சேர்ந்தது. அந்த ஒரு நாள் நடை மட்டும் தகப்பன் குலத்துக்கு உரியது.

"அத்தை நான் ஒருத்திதான். ஆனா தூக்கப் போறது ஒண்ணுவிட்ட சித்தி மக நூர்லைலியாம். எனக்கு யாரும் சொல்லல. நூர்லைலி எங்க கடையிலயே வந்து தோள்துணி எடுத்தா. ‘எதுக்குடி’ன்னு கேட்டேன். அவ மொகத்தப் பாக்கணுமே. துணியப் போட்டுட்டு ஓடிட்டா." குரல் இப்போதுதான் உடைந்தது. "எனக்குக் குழந்தை இல்ல மாமா. சரி. ஆனா நான் அத்தை. அதயும் ஏன் எடுத்துட்டீங்க?"

டத்துக் கெண்டியைப் பார்க்கவில்லை. யாருக்கும் எதுவும் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"நீ அழுதுடுவேன்னு நெனச்சேன்" என்றார் கடைசியில்.

"அழுதா என்ன? ஆத்துல தண்ணிதானே, தெரியவா போகுது?"

நெங்சி களுக்கென்று சிரித்துவிட்டாள். வீத்தாவும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். டத்துக்குக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் நூர்லைலியின் வீட்டில், அவளுடைய தாய் முன்னிலையில், அவள்தான் தூக்குவாள் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கைத் தலைவர் திரும்ப வாங்குவது என்பது அவர் குலத்தில் நடந்ததில்லை. அவருக்கு முன் பட்டம் கட்டின யாரும் செய்ததில்லை.

அவர் சங்கடம் ரோஸ்மானியாருக்குப் புரிந்துவிட்டது. "டத்துக், இது அறிவுர இல்ல. நீங்க வாக்கு மாற வேணாம். நான் நேரா நூர்லைலி வீட்டுக்குப் போறேன். ஒரு சண்ட போடறேன். அவளே ‘என்னால முடியாது’ன்னு சொல்லிடுவா. உங்க மரியாத உங்ககிட்டயே இருக்கும்."

"வேணாம்."

"நல்லாச் சண்ட போடுவேன். கேட்டுப் பாருங்க, இவன்கிட்ட."

"தெரியும். வேணாம்." டத்துக் எழுந்தார். தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டார். "என் வாக்க வேற யாரும் ஒடச்சுக் குடுக்க வேண்டியதில்ல. நான் குடுத்தது. நானே போய்த் திரும்ப வாங்கிக்கறேன். வெற்றிலத் தட்டம் கையிலயே இருக்கு."

பிறகு வீத்தா பக்கம் திரும்பினார்.

"நீ பெகன்பாருவுக்குப் போறது...?" என்று தொடங்கிய டத்துக் மிராந்தியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "கேள்விதான். அறிவுர இல்ல."

பதில் சொன்னது மாலின். "அந்த பெகன்பாரு கடக்காரருக்கு இன்னும் முன்பணம் குடுக்கல மாமா. சனிக்கிழமை போகட்டும். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசறோம்."

அதற்கு மேல் கேட்பது முறையல்ல. டத்துக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது மாலினின் சரக்கு வேனில், பூவேலை செய்த தொழுகை அங்கி மூட்டைகளுக்கு நடுவே ரோஸ்மானியாரும் வீத்தாவும் உட்கார்ந்து, மூங்கிலில் வேகவைத்த பசையரிசிச் சோற்றைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டு வந்தார்கள். நூர்லைலி வீட்டு வாசலில் டத்துக் இறங்கினார். தட்டத்தோடு உள்ளே போனவர் சிறிது நேரத்தில் தட்டத்தோடு வெளியே வந்தார். முகம் உளி வைத்துச் செதுக்கினது போல் இருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் ரோஸ்மானியார்.

"நூர்லைலி அழுதா."

"ஐயோ, வருத்தமா?"

"சந்தோஷமாம். ‘அந்த அக்கா மொகத்துல எப்படி முழிப்பேன்னு சாப்பாடே எறங்கல’ன்னு சொன்னா." டத்துக் முன்இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். "என்கிட்ட ஏன் முன்னாலயே சொல்லலன்னு கேட்டேன். கேக்கற மாதிரி நான் எப்ப உக்காந்தேன்னு அவ அம்மா கேட்டா."

வேனில் யாரும் சிரிக்கவில்லை. மாலின் மட்டும் கியர் மாற்றுகிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டு வாசலில் வீத்தா இறங்கும்போது அவள் போன் ஒலித்தது. தம்பி ரிசாலின் மாமியார் ஜுஸ்னா. குழந்தை அவர்கள் வீட்டுக் குழந்தை. யார் கையில் கொடுப்பது என்பதில் அவளுக்கும் ஒரு சொல் உண்டு. நூர்லைலி வீட்டுச் சேதி அதற்குள் அங்கே போய்விட்டது. வீத்தா இரண்டு தடவை "சரிங்க" என்றாள். மூன்றாவது தடவை குரல் தணிந்திருந்தது.

"நாளைக்குக் காலையில உங்கள வரச் சொல்றாங்க மாமா. தனியா."

"எதுக்காம்?"

"சொல்லல."

பிள்ளை இல்லாத கை குழந்தையைத் தூக்கினால் ஆகாது என்று சில பழைய காலத்து ஆட்களுக்கு ஓர் எண்ணம் உண்டு. ஜுஸ்னா அந்தக் காலத்து ஆள். டத்துக்குக்கு அது தெரியும். வீத்தாவுக்கும் தெரியும்.

"போறேன்" என்றார் டத்துக். "நீ தோள்துணி எடுத்து வெச்சுட்டியா?"

"இன்னும் இல்ல."

"எடு. உங்க கடையிலயே நல்லதா இருக்கறத எடு."

ரோஸ்மானியாரை அவள் வீட்டில் இறக்கிவிட மாலின் வேனைத் திருப்பிக்கொண்டு போனான்.

மக்ரிப் தொழுகை முடிந்து டத்துக் சுராவ் எனும் சிறு பள்ளிவாசலின் முற்றத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அதன் கணக்கர் ஜாமாரிஸ் வந்து அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். சாவு வீட்டுக்கு வந்த முகம்.

"பொறுமையா இருங்க டத்துக். இன்னொரு நல்ல மாப்பிள்ள கிடைக்காமலா போயிடுவான்?"

"யாருக்கு?"

"மறைக்க வேணாம் டத்துக். நீங்க முழு உடுப்புல கௌம்பினத ஊரே பாத்துச்சு. மாலின் மூட்டையோட அக்கா வீட்டுக்குப் போனதயும் பாத்தாங்க. பாவம், பொண்ணுகிட்ட குறைன்னு டாக்டரே சொல்லிட்டாராமே."

முற்றத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் மெதுவாக மாட்டினார்கள்.

வேறொரு நாளாக இருந்தால் டத்துக் ஒன்றும் பேசாமல் அவர்களைக் கடந்து போயிருப்பார். குடும்பத்தைப் பற்றிய பேச்சுக்குப் பதில் சொல்வதே இறக்கம் என்று நினைத்தவர். அன்று படியில் ஏறி நின்றார். சபையில் பேசுகிற குரலில் பேசினார்.

"கேட்டுக்கோங்க. என் மாப்பிள்ளய யாரும் திருப்பி அனுப்பல. அந்த மூட்ட விக்கற துணி. அக்காவ எறக்கி விட்டுட்டு வந்து, இப்ப எங்க வீட்டுல சாப்பிட்டுட்டிருக்கான். அவங்களுக்குக் குழந்தை இன்னும் வரல. பொண்ணுகிட்டயும் குறை இல்ல, பையன்கிட்டயும் குறை இல்ல. அது கஷ்டமா இருக்கு, அதப் பத்திப் பேச ஒரு எடம் இருக்கு, அங்க போனோம். அடுத்த மாசமும் நான் போவேன்."

ஜாமாரிஸ் பற்றியிருந்த கைகளை அப்போதுதான் விட்டார். ஆனால் கணக்கர் அல்லவா. ஒன்றைச் சரிபார்க்காமல் விட மனம் வரவில்லை.

"அப்போ... சனிக்கிழம குழந்தையத் தூக்கறது நூர்லைலின்னு சொன்னாங்களே?"

"தப்பு" என்றார் டத்துக். "வீத்தா தூக்கறா. அவதான் அத்தை."